மருந்தடிக்கிறவன்

பசறை டவுனுக்குப் போனால் எங்கள் ஜிம்முக்குக் கீழேயுள்ள பேக்கரியில் மீன் வைத்த மாலுபாண் வாங்கிச் சாப்பிட்டுப் பாருங்கள். பின்னேரம் சூடாக இறக்குவார்கள். அந்த வாசனை மாடிப்படி வழியாக நேரே மேலே வந்துவிடும். அதை மூக்கில் வாங்கிக்கொண்டே இரும்பு தூக்கி, பிறகு வீட்டுக்குப் போய் அவித்த முட்டையில் வெள்ளையை மட்டும் தின்கிறவன் எவனோ அவன்தான் ஆணழகன். நான் அப்படி இருந்ததில்லை. எனக்குப் பேக்கரியில் தனி நாற்காலியே உண்டு. ஜெஸ்டின் அப்படி இருந்தான்.

என் பெயர் புவனேந்திரன். பையன்கள் புவா மாஸ்டர் என்பார்கள். இப்போது பதுளையில், அரசாங்கத்தின் சாப்பாட்டில், விளக்கமறியலில் இருக்கிறேன். யாரிடமும் வாய் திறக்கக்கூடாது என்று வக்கீல் சொல்லியிருக்கிறார். பொலிஸில் நான் கொடுத்த வாக்குமூலத்தைப் படித்தவர், ஒரே ஓர் இடத்தை விரலால் தொட்டு, "இது நம்மளக் காப்பாத்தும்" என்றார். அது எந்த இடம் என்பதைச் சொல்லத்தான் இவ்வளவும். உங்களை 'யாரும்' என்ற கணக்கில் நான் சேர்க்கவில்லை. கோபித்துக்கொள்ளாதீர்கள்.

என் ஜிம்மில் ஒரு போர்டு உண்டு. சிவப்பு எழுத்தில், 'மருந்து அடிப்பவர்களுக்கு அனுமதி இல்லை' என்று நானே எழுதி மாட்டியது. ஊசி போட்டு உடம்பு ஏற்றுவதைப் பையன்கள் பாஷையில் மருந்தடிப்பது என்பார்கள். ஊவாவில் சுத்தமான ஜிம் என்றால் அது எங்களுடையதுதான் என்று பெயர். பண்டாரவளையிலிருந்துகூட அப்பாமார் பிள்ளைகளை பஸ்ஸில் கூட்டிவந்து, "உங்க கையில ஒப்படைக்கிறோம் மாஸ்டர்" என்பார்கள்.

ஒருநாள் அந்தப் போர்டின் முன்னால் தோட்டத்து ஆள் ஒருவன் ரொம்ப நேரம் நின்றான். உள்ளேயும் வரவில்லை, கீழேயும் இறங்கவில்லை. என்ன தம்பி என்று கேட்டேன்.

"சேரணும்னுதான் வந்தேன் மாஸ்டர். ஆனா போர்டுல இப்பிடிப் போட்டிருக்கே. நான் மருந்தடிக்கிறவன்."

உள்ளே இருந்த பையன்கள் அத்தனை பேரும் இரும்பைக் கீழே வைத்தார்கள். இப்படி வாசலில் நின்று ஒப்புக்கொண்ட ஆளை அவர்கள் பார்த்ததே இல்லை.

"என்ன மருந்து?" என்றேன்.

"புல்லுக்கு அடிக்கிறதுதான். மேல் டிவிசன்ல."

அன்று சிரித்த சிரிப்பில் றிஸாத் என்ற பையனுக்கு விலா பிடித்துக்கொண்டது. தோட்டத்தில் மருந்தடிப்பது என்றால் முதுகில் டேங்கைக் கட்டிக்கொண்டு தேயிலைச் செடிகளுக்கு நடுவே களைக்கு மருந்து தெளிப்பது. ஜெஸ்டினுக்கு அதுதான் வேலை. அவனும் சிரித்தான், ஏன் சிரிக்கிறோம் என்று தெரியாமலே. அன்றிலிருந்து ஜிம்மில் அவனுக்குப் பெயர் 'மருந்தடிக்கிறவன்'. சுத்தமான ஜிம்மின் சுத்தமான பையனுக்கு இப்படி ஒரு பட்டம். இந்தப் பகிடியைத் தொடங்கிவைத்ததும் நான்தான்.

அவன் உடம்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். காலையில் பெரட்டுக்குப் போய்ப் பேர் கொடுத்துவிட்டு, நிறைந்த டேங்கைச் சுமந்துகொண்டு மலையில் ஏறுவான், இறங்குவான், மறுபடி ஏறுவான். அந்தத் தொடையை எந்த மெஷினாலும் செய்ய முடியாது. முதுகைத் திருப்பினால் மலைக்குள்ளிருந்து வெட்டியெடுத்த மாதிரி இருக்கும். சாப்பாடு என்னவோ பலாக்காய், நெத்தலி, பருப்பு, கிடைத்தால் முட்டை. மாதத்துக்கு மாதம் ஏறிக்கொண்டே போனான். நான் அவனைக் கண்ணாடி முன்னால் நிறுத்தி, எப்படி நிற்க வேண்டும், எப்படிக் கையை மடக்க வேண்டும் என்று சொல்லிக் கொடுப்பேன். கண்ணாடியில் அவனுக்குப் பின்னால் நானும் தெரிவேன். அந்தக் கண்ணாடியைக் கொஞ்சம் சின்னதாக வாங்கியிருக்கலாம்.

என் கதை சின்னது. வாலிப வயதில் கொழும்பில் ஒரு ஜிம்மில் கண்ணாடி துடைத்தேன். சிங்களம் படித்தது அங்கேதான். மருந்தடிக்கப் பழகியதும் அங்கேதான். அதன் நல்லதை மறைத்துப் பேசினால் அது நியாயமில்லை. மருந்து வேலை செய்யும். நேற்றுத் தூக்க முடியாததை இன்று தூக்குவீர்கள். வலி சீக்கிரம் ஆறும். பசி எடுக்கும், தூங்கி எழுந்தால் சட்டை இறுக்கும், தெருவில் நடக்கும்போது தெரு கொஞ்சம் விலகி நிற்கிற மாதிரி இருக்கும். அப்படி நடந்துபோய் ஊவா ஆணழகன் போட்டியில் ஏறினேன். இரண்டாம் இடம்.

கெட்டதையும் சொல்லிவிடுகிறேன். மருந்தை நிறுத்தியதும் நெஞ்சு வீங்கியது, ஆனால் பெண்பிள்ளைகளுக்கு வீங்குகிற மாதிரி. இன்றைக்கும் நான் சட்டைக்குள்ளே இறுக்கமான பெனியன் இரண்டு போடுகிறேன். வீட்டுக்காரிக்கும் எனக்கும் பிள்ளை தங்கவில்லை. டாக்டர் என் உயிரணுக்களை எண்ணிப் பார்த்துவிட்டு, எண்ணுவதற்கு அதிகமில்லை என்றார். அந்த நாட்களில் சுவருக்குக் குத்துவேன், சுவர் திருப்பிக் குத்தாது என்ற தைரியத்தில். வீட்டுக்காரி சுவர் இல்லை என்பதை அவளே கண்டுபிடித்து, ஹாலிஎலையில் உள்ள அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். பெரிய பிரஷர், கெட்டியான இரத்தம், சுவர் தடித்த இதயம், இதெல்லாம் எனக்குப் புத்தகத்தில் படித்துத் தெரியவேண்டியதில்லை. அதனால்தான் அந்தப் போர்டு. யாரும் என்னைப் போல ஆகக்கூடாது என்பதற்காக. அதை மட்டும் நம்புங்கள்.

ஜெஸ்டின் சேர்ந்து ஒரு வருடம் கழித்து, கண்ணுக்குக் கீழே களைப்பு தெரிந்தது. காலையில் மலை, பின்னேரம் இரும்பு. பாவமாக இருந்தது. விட்டமின் ஊசி போடுகிறேன் என்றேன். இடுப்பில், வாரத்துக்கொரு தரம். "வலிக்குமா மாஸ்டர்?" என்று கேட்டான். அத்தனை பெரிய உடம்பு ஊசிக்குப் பயந்து கண்ணை மூடியது. மற்றப் பையன்கள் பார்த்தால் எனக்கும் எனக்கும் என்பார்கள் என்று சொல்லி, கதவைச் சாத்திவிட்டுப் போட்டேன். அவன் போன பிறகு போத்தலை நானே கொண்டுபோய் எறிவேன். பொறுப்பான ஆள் நான்.

நல்லாக ஏறினான். நல்லாக என்றால், முன்பு மாதத்தில் ஏறியது இப்போது வாரத்தில் ஏறியது.

ஜிம்மில் ஒரு வியாதி உண்டு, அதற்குப் பெயர் சந்தேகம். ஒருவன் முதுகில் பரு வந்தால் மற்றவன் பேச்சை நிறுத்துவான். ஒருவன் பையைத் திறந்தால் நாலு பேர் எட்டிப் பார்ப்பார்கள். றிஸாத் ஒருநாள் என்னை மூலைக்கு இழுத்து, "மாஸ்டர், மருந்தடிக்கிறவன் நெசமாவே மருந்தடிக்கிறான் போல. முதுகப் பாத்தீங்களா?" என்றான். விசாரிக்கிறேன் என்றேன். அன்று மாலை ஜெஸ்டினின் பையைப் பையன்கள் முன்னாலேயே சோதனை போட்டேன். ஒரு துவாய், ஒரு சோற்றுப் பெட்டி, மகளின் தலைப்பூ ஒன்று. அவனே பையை நீட்டினான். அவனுடைய சுத்தம் நிரூபணமானது. எல்லாருக்கும் திருப்தி. எனக்கும்தான்.

சந்தேகம் வீட்டுக்கும் போயிருந்தது. அவன் மனைவி டிலக்ஷி கொழுந்து பறிக்கிறவள், கண் கூர்மை. அவன் சும்மா இருந்த கதவை உதைத்தான், மகள் பால் கொட்டியதற்குக் கையை ஓங்கினான், பிறகு உட்கார்ந்து அழுதான். முன்பு எதற்கும் குரல் உயர்த்தாதவன். ஒருநாள் டவுனுக்கு வந்தவள் படியேறி வந்தாள்.

"மாஸ்டர், நேராக் கேக்குறேன். இவரு ஏதாச்சும் ஏத்திக்கிறாரா?"

"எனக்குத் தெரிஞ்சு இல்ல தங்கச்சி."

"பிள்ள தலையில கை வச்சு சத்தியம் பண்ணுறாரு."

"அப்ப நம்ப வேண்டியதுதான்," என்றேன். பிறகு, என்னவோ, வாய் சும்மா இருக்கவில்லை. "ஆனா இந்தக் காலத்துப் பசங்கள முழுசா நம்பவும் ஏலாது."

அவள் முகம் மாறியதைப் பார்த்தேன். அந்தக் கடைசி வசனத்தை நான் சொல்லியிருக்க வேண்டியதில்லை. பேச்சுக்குச் சொன்னதுதான்.

போட்டிக்கு ஆறு வாரம் இருக்கும்போது அவனுக்கு மூக்கிலிருந்து இரத்தம் வந்தது. தான் குடியிருக்கும் லயத்துப் படியில் ஏறினாலே மூச்சு வாங்கியது என்றான், டேங்கோடு மலை ஏறுகிறவன். நான் பதறிவிட்டேன். என் பைக்கில் ஏற்றி, பதுளையில் ஒரு டாக்டரிடம் கொண்டுபோனேன். மழை. என் ரெயின்கோட்டை அவனுக்குக் கொடுத்துவிட்டு நான் நனைந்தேன். இதையும் எழுதிக்கொள்ளுங்கள், இப்படி ஒன்றிரண்டு விஷயம் என் பக்கமும் இருக்கிறது.

டாக்டர் சிங்களம்தான் பேசினார். ஜெஸ்டினுக்குக் கடையில் சாமான் வாங்குகிற அளவுக்குச் சிங்களம் தெரியும். டாக்டர் முன்னால் அதுவும் தொண்டையில் நின்றுவிடும். ஆகவே நான் நடுவில் உட்கார்ந்தேன். டாக்டர் பிரஷரைப் பார்த்தார், மறுபடி பார்த்தார், அவன் தோளைப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பிக் கேட்டார். உடம்பு ஏற்றுகிற மருந்து ஏதாவது எடுக்கிறாரா என்று கேளுங்கள்.

நான் ஜெஸ்டினிடம் சொன்னேன்: "மருந்தடிக்கிறியான்னு கேக்குறாரு."

அவனுக்கு மறுபடி பழைய பகிடி ஞாபகம் வந்து லேசாகச் சிரித்தான். "ஆமான்னு சொல்லுங்க. கெழமைக்கி நாலு நாளு அடிக்கிறேன், டேங்க தூக்கிக்கிட்டு."

அதை டாக்டரிடம் அப்படியே சொன்னேன். தோட்டத்தில் களைக்கு மருந்து தெளிக்கிறவர், கிழமைக்கு நாலு நாள், முகமூடியும் கிடையாது. டாக்டர் தலையை ஆட்டினார், மிகவும் வருத்தப்பட்டு ஆட்டினார். அதுதானே பார்த்தேன் என்கிற மாதிரி. இரத்தம் சோதிக்க எழுதினார், அந்தக் களைமருந்துக்கான சோதனை. பிரஷர் குளிசை கொடுத்தார். மருந்தடிக்கிற வேலையை இரண்டு வாரம் நிறுத்தச் சொல்லித் தோட்டத்துக்குக் கடிதம் கொடுத்தார். ஒரு மாதத்தில் மறுபடி வரச் சொன்னார். நல்ல டாக்டர். அவர் மேல் ஒரு பிழையும் இல்லை.

நீங்கள் என்னைப் பிடித்துவிட்டதாக நினைப்பீர்கள். ஆனால் யோசித்துப் பாருங்கள். 'உடம்பு ஏற்றுகிற' என்று அந்தச் சொல்லையும் சேர்த்து நான் கேட்டிருந்தாலும் ஜெஸ்டின் என்ன சொல்லியிருப்பான்? இல்லை என்றுதான் சொல்லியிருப்பான். அவனைப் பொறுத்தவரை அது சத்தியம். அவன் எடுத்தது விட்டமின். ஆகவே அந்தச் சொல்லை விட்டதால் ஒன்றும் மாறவில்லை. இரவுகளில் இதை நான் பலமுறை நிறுத்துப் பார்த்திருக்கிறேன், ஒவ்வொரு முறையும் சரியாகத்தான் வருகிறது. ஒன்றே ஒன்றுதான். அந்தச் சொல்லைச் சொல்லியிருந்தால், பதில் சொல்வதற்கு முன்னால் ஜெஸ்டின் ஒருதரம் என் முகத்தைப் பார்த்திருப்பான்.

ஆமாம், விட்டமின் இல்லை. போத்தலின் லேபலைச் சுரண்டியதும் நான்தான்.

இரண்டு வாரம் வேலை இல்லை என்றதும், பயிற்சிக்கு நல்ல வாய்ப்பாகப் போயிற்று. காலையும் மாலையும் தூக்கினான். ஊசியையும் கொஞ்சம் கூட்டினேன், களைப்பாக இருந்தான் என்பதால். பிறகு போட்டி. மேடையில் அவன் திரும்பி முதுகைக் காட்டியபோது மண்டபம் ஒரு நிமிஷம் சத்தம் போட மறந்துவிட்டது. முதலாம் இடம். கோப்பையைக் கையில் வாங்கியதும் மேடையிலிருந்து மைக்கில் பேசினான். "என் மாஸ்டர்தான் காரணம். ஒரு சொட்டு மருந்து இல்லாம செஞ்சோம்." நான் கைதட்டினேன். கண்ணில் தண்ணீர் வந்தது. மனிதன்தானே.

போட்டி முடிந்த திங்கட்கிழமை அவன் வழக்கம்போல டேங்கைக் கட்டிக்கொண்டு மலையேறினான். ஊர் எல்லாம் வாழ்த்திக்கொண்டே போனதாம். மூன்றாவது ஏற்றத்தில், செடியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான், பிறகு சாய்ந்தான். டேங்க் முதுகில் இருந்தபடியே இருந்தது. மருந்து கசிந்து சட்டையெல்லாம் நனைந்திருந்தது.

அப்படி ஒரு சாவை யார் பார்த்தாலும் ஒன்றைத்தான் சொல்வார்கள். தோட்டமே சொன்னது: மருந்து கொன்றுவிட்டது. உண்மைதானே. மறுநாள் யாரும் பெரட்டுக்குப் போகவில்லை. ஆபிசுக்கு முன்னால் எல்லாரும் உட்கார்ந்தார்கள். பேசுவதற்கு ஆள் வேண்டும் என்றார்கள், எனக்குக் குரல் உண்டு, ஏறிப் பேசினேன். அந்த டாக்டரின் கடிதத்தை உயர்த்திக் காட்டினேன். முகமூடி கொடு, கையுறை கொடு, மனுசனை மனுசனாகப் பார் என்றேன். பெண்கள் அழுதார்கள். ஒரு வாரத்தில் முகமூடியும் கையுறையும் பூட்ஸும் வந்தன. இன்றைக்கும் அந்தத் தோட்டத்தில் மருந்தடிக்கிறவர்கள் கையுறையோடு அடிக்கிறார்கள். வேறு எந்தக் கொலைகாரனால் இப்படி ஒரு நன்மை நடந்திருக்கிறது, சொல்லுங்கள்.

அந்தச் சொல் வாயில் வந்துவிட்டது. பரவாயில்லை.

பிரேதப் பரிசோதனையில் இதயம் பெரிதாக இருந்தது என்று எழுதினார்கள். லயத்தில் அதைக் கேட்டவர்கள், நல்ல மனசுக்காரனுக்கு இதயம் பெருசாத்தானே இருக்கும் என்று சொல்லி மூக்கைச் சிந்தினார்கள். நானும் தலையாட்டினேன்.

ஏன் செய்தாய் என்று நீங்கள் கேட்கவில்லை. பண்பானவர்கள். வக்கீல் கேட்டார், அவரிடம் போட்டியில் ஜெயிக்க என்றேன். ஆனால் ஜெஸ்டின் மருந்து இல்லாமலே ஜெயித்திருப்பான். அது எனக்குக் கண்ணாடி முன்னால் அவனை நிறுத்திய முதல் மாதமே தெரியும். பலாக்காயும் நெத்தலியும் தின்று, டேங்க் சுமந்து, ஒருவன் அந்தக் கோப்பையை வாங்கிவிட்டால், நான் என் பிள்ளையையும் வீட்டுக்காரியையும் நெஞ்சையும் எதற்குக் கொடுத்தேன்? இரண்டாம் இடத்துக்கா? அவன் தோற்க வேண்டும் என்று நான் நினைக்கவே இல்லை. ஜெயிக்கட்டும். சும்மா ஜெயிக்கக்கூடாது, அவ்வளவுதான்.

முப்பத்தோராம் நாள் காரியம் முடிந்து, டிலக்ஷி மறுபடி படியேறி வந்தாள். பையன்கள் எழுந்து வெளியே போனார்கள். அவள் உட்காரவில்லை.

"இடுப்புல ஊசி போட்ட தடிப்பு இருந்திச்சு மாஸ்டர். குளிப்பாட்டுனவங்க சொன்னாங்க. அவரு இருக்கையில நான் கேட்டப்ப, மாஸ்டர் விட்டமின் போடுறாருன்னுதான் எங்கிட்ட சொன்னாரு. நான் நம்பல. பொய் சொல்லாதீங்கன்னு கத்துனேன். அன்னைக்குக் காலையிலயும் அதே சண்டதான். தேத்தண்ணி குடிக்காமலே மலைக்குப் போனாரு."

நான் ஒரு நாற்காலியை அவள் பக்கம் நகர்த்தினேன்.

"நீங்க என்ன போட்டீங்க, எதுக்குப் போட்டீங்க, அதெல்லாம் பொலிஸ் பாத்துக்கட்டும். எனக்கு ஒண்ணே ஒண்ணு தெரியணும். அவரு தெரிஞ்சு போட்டாரா, தெரியாமப் போட்டாரா? பிள்ள தலையில கை வச்ச மனுசன் பொய்யனா, இல்லையா? அத மட்டும் ஒரு பேப்பர்ல எழுதிக் குடுங்க. மகள் வளந்து கேட்டா நான் காட்டணும்."

நான் அழுதுவிட்டேன். இதை எந்த மனிதனாலும் தாங்க முடியாது. "வா தங்கச்சி, நானே வந்து சொல்றேன்" என்றேன். இருவரும் ஒன்றாகவே நடந்து ஸ்டேசனுக்குப் போனோம். கொட்டும் மழை. அவள் குடையில் எனக்கும் பாதி இடம் கொடுத்தாள்.

வாக்குமூலத்தைத் தமிழில்தான் கொடுப்பேன் என்றேன். எனக்குச் சிங்களம் நல்லாக வரும், ஆனாலும் மனசில் உள்ளதைத் தாய்மொழியில் சொல்வதுதான் முறை. சார்ஜன்ட் சிங்களத்தில் எழுத, ஜஸீல் என்ற கான்ஸ்டபிள் நடுவில் உட்கார்ந்து மொழிபெயர்த்தார். டிலக்ஷி வெளியே வாங்கில் உட்கார்ந்திருந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். கடைசியில், நிறுத்தி, தெளிவாகச் சொன்னேன்: "அவனுக்குத் தெரியாமல் நான் மருந்தடித்தேன்."

ஜஸீல் நல்ல மனுசன், ஆனால் காலையிலிருந்து சாப்பிடவில்லை. அவனுக்கு மருந்தடித்தேன் என்கிறார் என்று சார்ஜன்ட்டிடம் சிங்களத்தில் சொன்னார். சார்ஜன்ட் பேனாவை நிறுத்தி, போட்டிக்காகவா என்று கேட்டார். ஜஸீல் என்னிடம் திரும்பினார்.

"போட்டிக்காகத்தானே மாஸ்டர்?"

"போட்டிக்காகத்தான்."

சார்ஜன்ட் எழுதினார். எழுதி முடித்து உரக்க வாசித்தார். அந்த வசனம் இப்படி இருந்தது: போட்டியில் வெல்வதற்காக ஜெஸ்டின் என்னிடம் மருந்து போட்டுக்கொண்டான்.

சிங்களத்தில் கேட்க நல்லாகத்தான் இருந்தது. இலக்கணப் பிழை ஏதும் இல்லை.

"சரியா மாஸ்டர்? ஏதாச்சும் திருத்தணுமா?" என்று ஜஸீல் கேட்டார்.

அவர் முகம் களைத்திருந்தது. சார்ஜன்ட்டின் தேநீர் ஆறிக்கொண்டிருந்தது. இன்னொருவர் செய்கிற மொழிபெயர்ப்பில் குறுக்கே விழுவது எனக்குப் பழக்கமில்லை. பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டேன். வக்கீல் விரலால் தொட்ட இடம் அதுதான். அவரா வந்து போட்டுக்கிட்டாருன்னா கேஸ் லேசு என்றார்.

என்னை உள்ளே கூட்டிப்போகும்போது டிலக்ஷி வாங்கிலிருந்து எழுந்தாள்.

"சொல்லிட்டீங்களா மாஸ்டர்? அவருக்குத் தெரியாதுன்னு சொல்லிட்டீங்களா?"

"சொல்லிட்டேன் தங்கச்சி," என்றேன்.

அதில் பொய் ஒன்றுமில்லை. தமிழில் நான் ஒரு சொல்கூட விடவில்லை.